தறிவீட்டுக்குப் போய்விட்டுக் காவலான் கேட்டுக்கு வாருங்கள்

ஆசிரியத் தோழர்களே, தோழியரே!

பழைய ஓய்வூதியத் திட்டம் கேட்டு 2026 ஜனவரி 6 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ அறிவித்துவிட்டது. 2025 நவம்பர் 18-ல் ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் செய்து பார்த்தோம். கோட்டையில் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. இனி அடையாளத்துக்கு வேலையில்லை. அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் போன இடத்திலிருந்தே இதைப் படியுங்கள். படித்ததும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள், வேலை இருக்கிறது.

"எல்லாரும் போனால் நானும் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் அந்த 'எல்லாரும்' இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போக வேண்டுமா என்று கேட்டால், போகத்தான் வேண்டும். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. என் கவலை வேறு. 2003-ல் போன மாதிரி, 2019-ல் போன மாதிரி இந்த முறையும் போனோமானால், அன்று திரும்பி வந்த மாதிரிதான் திரும்பி வருவோம். அது ஏன் என்பதை நம் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்து நெசவாளர் தெருவில் நின்றுகொண்டுதான் சொல்ல முடியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இளையவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ல் அன்றைய அரசு ஓய்வூதியப் பயன்களில் ஒவ்வொன்றாகக் கைவைத்தது. ஜூலை 2-ஆம் தேதி அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை 4-ல் அவசரச் சட்டம் வந்தது. 'எஸ்மா', 'டெஸ்மா' என்று அன்று டீக்கடையில் எல்லாம் பேசினார்களே, அந்த அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தத்தான் அது. நடு இரவில் வீடு புகுந்து கைது செய்தார்கள். ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகு பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்த வழக்கில், டி.கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், 2003 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பு வந்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது தீர்ப்பு. இதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே தேதியில் சென்னையில் நிதித்துறை அரசாணை 259-ஐ வெளியிட்டதைத்தான் பலர் மறந்துவிட்டோம். 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்கிற ஆணை. நான்கு மாதம் முன்தேதியிட்டு ஆணை. ஒரே நாளில் அங்கே வாயை அடைத்தார்கள், இங்கே வயிற்றில் அடித்தார்கள். மூத்தவர்கள் மன்னிப்புக் கடிதத்துக்கு வாசகம் தேடிக்கொண்டிருந்த வேளையில், இன்னும் வேலைக்கே வராத பிள்ளைகளின் முதுமை பறிபோயிற்று.

நம் ஊர்க்காரர்களிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆறாம் நூற்றாண்டில் பல்லவன் சிம்மவர்மன் நம் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு ஒரு ஊரையே பள்ளிச்சந்தமாக எழுதிக் கொடுத்தான். அதைச் சொல்லும் பள்ளன்கோயில் செப்பேடு இன்றும் இருக்கிறது. அதையும் செம்பில் வெட்டாமல் அரசாணைத் தாளில் போட்டிருந்தால், அடுத்து வந்தவன் முன்தேதியிட்டுத் திருத்தியிருப்பான்.

சரி, பிறகு என்ன நடந்தது? 2004-ல் சேர்ந்தவர்களுக்கு முதலில் சம்பளமே கிடையாது, தொகுப்பூதியம்தான். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுநிலைக்கு 4,500. 2006-ல் ஆட்சி மாறியது, ஜூன் 1 முதல் காலமுறை ஊதியம் வந்தது. நன்றி சொன்னோம். ஆனால் பங்களிப்பு ஓய்வூதியத்தை அந்த ஆட்சியும் தொடவில்லை. 2016 பிப்ரவரியில் போராடினோம். சாந்த ஷீலா நாயர் தலைமையில் குழு போட்டார்கள். அப்புறம் அதே குழுவுக்கு டி.எஸ். ஸ்ரீதர் தலைவரானார், 2018 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். 2019 ஜனவரி 22-ல் மீண்டும் வேலைநிறுத்தம், 30-ஆம் தேதி கைவிட்டோம். 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கையில் 309-ஆம் வாக்குறுதி: பழைய ஓய்வூதியத் திட்டம் மீண்டும் கொண்டுவரப்படும். கைதட்டினோம். அவர்கள் ஆட்சிக்கு வந்து நான்காண்டு ஆகப்போகிற சமயத்தில், 2025 ஜனவரியில், ககன்தீப் சிங் பேடி தலைமையில் இன்னொரு குழு. ஒன்பது மாதக் கெடு முடிந்தபோது கையில் கிடைத்தது இடைக்கால அறிக்கை. ஆட்சி மாறியது, குழுத் தலைவர் பெயர் மாறியது. மாதாமாதம் பிடித்தம் மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அந்தப் பிடித்தத்தை ஒரு தடவை அரசின் சம்பளக் கணக்குச் செயலியான களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள். அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி அதில் பத்து விழுக்காடு நம்முடையது. அதே அளவு அரசு போடுகிறது. ஓய்வு பெறும் நாளில் இரண்டும் வட்டியோடு சேர்ந்து ஒரே தொகையாக வரும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாதா மாதம் வருவது எதுவும் இல்லை. பணிக்கொடை இல்லை. கணவனோ மனைவியோ தனித்து நின்றால் குடும்ப ஓய்வூதியம் இல்லை. இதற்குப் பெயர் ஓய்வூதியத் திட்டம்!

என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியையைச் சொல்கிறேன். பதிவு மூப்பில் நாற்பது வயதைத் தாண்டித்தான் அவருக்கு வேலை வந்தது. அந்த ஆண்டுகளில் சேர்ந்த பலருக்கும் அப்படித்தான். தொகுப்பூதியத்தில் ஆரம்பித்து, இரண்டு பேருந்து மாறி வந்து, ஒன்றாம் வகுப்புக்கே ஆயுளைக் கொடுத்தவர். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தினோம், படம் எடுத்தோம், ஊர்ப் பெரியவர்கள் பட்டுப்புடவை கொடுத்தார்கள். வந்த தொகையில் மகள் கல்யாணக் கடன் அடைந்தது, மீதி வங்கியில் கிடக்கிறது. "மாசக் கடைசியில கையில செல்லை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் சார், சம்பளம் ஏறுனா ஒரு சத்தம் வருமே, அந்தப் பழக்கம் போகல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்போது மாலையில் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். சர்க்கரை மாத்திரைக்கு அது போகிறது.

கணக்காகவும் பாருங்கள். ஒருவருக்கு மொத்தமாக 20 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு விழுக்காடு வட்டியில் வங்கியில் போட்டால் மாதம் 11,600 ரூபாய் சொச்சம். இன்றைக்கும் அதுதான், பத்து ஆண்டு கழித்தும் அதுதான். அரிசி ஏறும், மருந்து ஏறும், அது ஏறாது. பழைய திட்டத்தில் அவர் இருந்திருந்தால் பணிக்காலம் குறைவாக இருந்தாலும் அதற்கேற்ற விகிதத்தில் ஓய்வூதியமும், ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்வும், அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடுகிற பிச்சை இல்லை, செய்த வேலைக்கு உரிய ஊதியம். அந்த நாளை ஓய்வூதியர் நாள் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். கொண்டாடுகிற மேடையில் 2003-க்குப் பிறகு சேர்ந்தவர் எந்த நாற்காலியில் உட்காருவார்?

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். செலவே ஆகாது என்று மேடையில் கத்துகிற நம் பேச்சாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செலவாகும். பழைய திட்டத்துக்குத் திரும்பினால் மாநிலங்களுக்குப் பிற்காலத்தில் பெரும் சுமை என்று ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. அதைப் படிக்காமல் மேடையேறாதீர்கள். ஆனால் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனி நிலைமை இருக்கிறது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், இமாச்சலம் எல்லாம் பழைய திட்டத்துக்குத் திரும்புகிறோம் என்றபோது, அவர்களுடைய ஊழியர் கட்டிய பணம் மத்திய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் திட்டத்தில் போய்ச் சிக்கியிருந்தது. திருப்பித் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். தமிழ்நாடு அந்த ஆணையத்தில் சேரவே இல்லை. நம் பத்தும் அரசின் பத்தும் தமிழ்நாடு அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. மற்ற மாநிலத்துக்கு இருக்கிற முதல் முட்டுக்கட்டை இங்கே இல்லை. மேற்கு வங்கம் ஒரு நாளும் பழைய திட்டத்தை விடவே இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைச் சொன்னால் நிதித்துறைக்கு விளங்கும். எதிர்வீட்டுக்காரருக்கு விளங்காது. நான் பேச வந்ததே அந்த எதிர்வீட்டைப் பற்றித்தான்.

அடையாள வேலைநிறுத்தத்துக்கு மறுநாள், தொடர்ந்து பள்ளிக்கு வராத ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. நுழைந்ததும் தறிதான். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா. மறுபுறம் உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்க இன்னொரு கை வேண்டும். வழக்கமாக அம்மா உட்காருகிற இடத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அம்மாவுக்குக் காய்ச்சல். முகூர்த்தம் நெருங்குகிறது, சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் அடுத்த பாவு.

அப்பா நாடாவை நிறுத்தவில்லை. மிதியை மிதித்தபடியே கேட்டார். "நேத்து உங்க ஸ்ட்ரைக்காமே சார்? பென்ஷனுக்கா?" ஆமாம் என்றேன். "எங்களுக்கு ஏது சார் பென்ஷன்?" என்றார். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், அதுவும் மனு போட்டு நடையாய் நடந்து வாங்க வேண்டும் என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று தமக்கும் பிடித்தம் உண்டு என்றார். பிடித்தம் என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டிய தேவையே இல்லை, தோழர்களே. தங்கம் ஏறியதும் ஜரிகை ஏறியது, சேலை விலை ஏறியது, வாங்குகிறவர் குறைந்தார், சங்கத்தில் பாவு தாமதம். விசைத்தறியில் ஓட்டியதைக் காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்கிறார்கள். கூட நெய்தவர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"கூலி ஏத்தச் சொல்லி நாங்க எத்தன தபா உக்காந்திருக்கோம். ஒரு வாத்தியாராவது வந்து பக்கத்துல நின்னாரா சார்?"

நானும் யோசித்துப் பார்த்தேன். யாரும் நின்றதில்லை.

இதுதான் நம் பலவீனம். நடத்தை விதி 20, 22, 22-ஏ என்று நோட்டீஸ் வரும், வரட்டும். அன்றைக்குச் சம்பளம் இல்லை என்பார்கள், பிடிக்கட்டும். 17-பி ஒழுங்கு நடவடிக்கை வரும், அதற்குப் பதில் எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 2019-ல் போட்ட நடவடிக்கைகளை 2021 தேர்தலுக்கு முன்பு அதே அரசு கைவிட வேண்டிவந்தது. 2003-ல் அத்தனை ஆட்டம் ஆடிய ஆட்சி 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது, தோற்ற கையோடு ஊழியர் மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது. அரசை நாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். தெருவைத்தான் ஒரு நாளும் சமாளித்ததில்லை. 2003-ல் 1,70,000 பேரை வெளியே அனுப்பியபோது தெரு என்ன சொன்னது என்று அன்றைக்கு வேலையில் இருந்த மூத்தவர்களைக் கேளுங்கள். "நல்லா வேணும்" என்றது. 2019-ல் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் என்று அறிவித்ததும் பட்டதாரிகள் வரிசையில் போய் நின்றார்கள். அவர்களைக் கருங்காலி என்று திட்டினோம். அவர்களில் பாதிப்பேர் நம்மிடம் படித்தவர்கள் என்பது திட்டும்போது நினைவுக்கு வரவில்லை.

பெற்றோருக்கு நம் மீது உள்ள கோபம் சம்பளத்தைப் பார்த்து வந்த பொறாமை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். அதில் ஒரு பங்குதான் உண்மை. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று அவர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பதில் சொல்வோம்? தன் பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து "அரசுப் பள்ளியைக் காப்போம்" என்று பதாகை பிடிப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் கேள்விக்கு என்னிடம் மழுப்பல் பதில் இல்லை. உங்களிடமும் வேண்டாம். கேட்டால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அஞ்சி அந்த வீட்டுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நாம் இப்படி இருந்தவர்களும் இல்லை. தொண்ணூறுகளில் இதே காஞ்சிபுரத்துத் தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகச் சிறுபிள்ளைகள் கோர்வைக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்குக் கூட்டிவர வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் ஆசிரியர்களும் உண்டு. அடியெல்லாம் வாங்கியிருக்கிறார்கள், மூத்தவர்களிடம் கேளுங்கள். அதற்கும் முன்னால் போனால், காமராசர் முதல்வராகவும் நம் நெய்யாடுபாக்கத்துக்காரர் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1955-ல்தான் உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மதிய உணவு. அதற்கடுத்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர் ஊராக ஆசிரியர் போய்க் கேட்க, ஊரார் பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், ஓடு கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் ஊருடையது என்று ஊர் நம்பிய காலத்தில்தான் வாத்தியாருக்கு ஓய்வூதியம் கொடுத்ததை ஊர் தவறாக நினைக்கவில்லை.

அண்மையில் நடந்ததையும் பாருங்கள். நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் முப்பத்தேழு நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், திறந்தவெளியில் உட்கார்ந்தார்கள். கைது செய்தார்கள், மறுநாள் திரும்பி வந்தார்கள். கம்பெனிக்காரன் கொரியாக்காரன், அரசு முதலீடு போய்விடுமே என்று பதறிக்கொண்டிருந்தது. இருந்தும் 2025 ஜனவரியில் சங்கம் பதிவாகியே தீர்ந்தது. அந்தப் பையன்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பள்ளிகளில் நம் கையில் படித்தவர்கள். வேலைநிறுத்தம் எப்படிச் செய்வது என்பதை இப்போது நாம்தான் அவர்களிடம் படிக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள் இருக்கிற விரிசல். ஒரே ஆசிரியர் அறை, ஒரே பானைத் தண்ணீர், ஆனால் இரண்டு விதமான முதுமை. 1.4.2003-க்கு முன்பு சேர்ந்தவர் பழைய திட்டத்தில் இருக்கிறார். அவருக்கு இன்னும் சில ஆண்டுதான் பணி. "எனக்கென்ன தம்பி, நீங்க போங்க, ஸ்கூலை நான் பாத்துக்கறேன்" என்கிறார். அண்ணே, அக்கா, உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், பள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், எங்களோடு வாருங்கள். 2003-ல் நீங்கள் வீதிக்கு வந்ததால்தான் உங்களுக்கு இருந்தது உங்களிடம் தங்கியது. எங்களுக்கு வராமல் போனதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை, அதற்காக உங்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. இப்போது கவனிக்காமல் விட்டால் வருத்தப்படுவேன். இன்னொரு சாரார், தகுதித்தேர்வுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள். 2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், ஐந்தாண்டுக்கு மேல் பணி மீதமுள்ளவர் இரண்டு ஆண்டுக்குள் 'டெட்' எனும் அந்தத் தகுதித்தேர்வை எழுதித் தேற வேண்டும். வேலையே நிற்குமா என்கிற பயத்தில் ஓய்வூதியத்துக்கு எங்கே போராடுவது என்கிறார்கள். அந்த பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தனித்தனியே பயப்படுகிற ஆசிரியரை விட அரசுக்கு வசதியானவர் யாரும் இல்லை.

ஆகவே இந்த விடுமுறைக்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சங்கச் சுற்றறிக்கை எதையும் எதிர்பார்க்காதீர்கள், இதற்குச் சுற்றறிக்கை வராது. திருப்பருத்திக்குன்றம், பிள்ளையார்பாளையம், செவிலிமேடு என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற தெருக்களுக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போங்கள். துண்டறிக்கையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வராதீர்கள். தறி ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், ஓரமாக உட்கார்ந்து பேசுங்கள். முதலில் அவர் கதையைக் கேளுங்கள். அதன் பிறகு, சால்வை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்று, திண்ணையில் டியூஷன் எடுக்கிற ஆசிரியையின் கதையை நீங்கள் சொல்லுங்கள். பெண்கள் போனால் அடுப்படி வரை போய்ப் பேசலாம். தோழியரே, இந்த வேலையில் பாதிக்கு மேல் உங்களை நம்பித்தான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: மார்ச்சில் பொதுத்தேர்வு, என் பிள்ளை கதி என்ன? வேலைநிறுத்தம் எத்தனை நாள் நடந்ததோ அத்தனை நாளையும் சனி, ஞாயிறு வந்து ஈடுகட்டுவேன் என்று அங்கேயே வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைப் பிப்ரவரியில் காப்பாற்றுங்கள். 309-ஆம் வாக்குறுதி கொடுத்தவர்களைக் குறை சொல்கிற நாம் அதே காரியத்தைச் செய்யக் கூடாது.

அடுத்து, நம் கோரிக்கைப் பட்டியலோடு நெசவாளர் ஓய்வூதியத்தையும் எழுதுங்கள். 1,200 ரூபாயில் ஒரு முதியவர் எப்படி வாழ்வார் என்று நம் மேடையில் நாமே கேட்போம். மாநில நிர்வாகிகள் முகம் சுளிக்கலாம். "கோரிக்கை நீர்த்துப் போகும்" என்று ஒருவர் என்னிடம் சொல்லியும் விட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதுமைக்கு நிச்சயமான வருமானம் வேண்டும் என்பது ஆசிரியருக்கு உரிமையாகவும் நெசவாளருக்கு உதவித்தொகையாகவும் இருக்கிற வரையில், நம்முடையதைப் பறிப்பது அரசுக்கு எளிது. பறிக்கும்போது தெரு கைதட்டும். அடுத்த முறை கூலி உயர்வுக்கு நெசவாளர்கள் உட்காரும்போது பள்ளி விட்டதும் பந்தலுக்குப் போகிறோம் என்றும் இப்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் போக வேண்டும் என்பதால்தான் சொல்லச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஜனவரி 6-க்கு முன்பே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு ஐந்து மாதம்கூட இல்லை, கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். பழைய திட்டம் என்று பெயர் சொல்லாமல், அதன் சாயலில் ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். மத்திய அரசு 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 25 ஆண்டு பணி முடித்தால் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி ஓய்வூதியம், ஆனால் நம் பிடித்தம் தொடரும். மத்திய ஊழியரில் பெரும்பாலானோர் அதைச் சீண்டவில்லை. அதுபோல் ஒன்றை நீட்டினால் நம் தலைவர்கள் அங்கேயே மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. பாதி ஊதியம் எத்தனை ஆண்டுப் பணிக்கு? நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்து பதினெட்டு ஆண்டில் ஓய்வு பெற்றவருக்கு என்ன? பிடித்தம் நிற்குமா, தொடருமா? குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு? பணிக்கொடை உண்டா? அகவிலைப்படி தானாக ஏறுமா, ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டுமா? ஏற்கெனவே ஓய்வு பெற்றுப் போனவரையும், பணியிலேயே இறந்துபோனவரின் வீட்டையும் சேர்ப்பார்களா? இத்தனைக்கும் எழுத்தில் பதில் வாங்கி, வட்டாரம் வட்டாரமாக உறுப்பினரைக் கூட்டி வைத்துக் கேட்ட பிறகே கையெழுத்து. பழைய திட்டத்தை முழுதாகக் கேட்டுத்தான் நிற்கிறோம். குறைத்து வாங்குவதாக இருந்தாலும் எதைக் குறைத்தோம் என்பது கடைசி ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்து உறுப்பினர்கள் சார்பில் இதை மாநில நிர்வாகிகளுக்கு இப்போதே எழுதி அனுப்புவோம். கையெழுத்துத் தாள் என்னிடம் இருக்கிறது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு வெளியே கூடுவோம். யார் யார் எந்தெந்தத் தெருவுக்குப் போனீர்கள், யார் கதவைத் திறக்கவில்லை, யார் திட்டினார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள் என்று ஒருவர் விடாமல் சொல்ல வேண்டும். திட்டியவர் வீட்டுக்கு மறுநாளே வேறு இரண்டு பேர் போகட்டும். ஜனவரி 6 காலை காஞ்சிபுரம் காவலான் கேட்டில் பார்ப்போம். வரும்போது உங்கள் வகுப்புப் பெற்றோரில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் அப்பாவிடம் நான் இன்னொரு முறை போய்ப் பேசப் போகிறேன். வருவாரா என்று தெரியாது. முகூர்த்தச் சேலை அறுபட்டுவிட்டால் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.